அட்டவணையில் பதிவேற்ற வேகத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கிடைக்கும் இணைய இணைப்புகளை வேகம், மாத வாடகை, மாத டேட்டா அளவு என மூன்று பத்திகளில் ஒப்பிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். விளம்பரத் தட்டியைப் பார்த்து இணைப்பு வாங்கியே பழகிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அது பயனுள்ள முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால், வேகம் என்ற பத்தியில் இருந்தவை அனைத்தும் பதிவிறக்க வேகங்கள் மட்டுமே. நம் கோப்புகளை நாம் அனுப்பும் வேகமான பதிவேற்ற வேகம் எங்குமே இடம்பெறவில்லை; பழுது ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதும் இல்லை. வீட்டையும் அலுவலகத்தையும் ஒரே அட்டவணையில் போட்டதன் விளைவாக, ஒரு குடும்பத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் இணைப்பே அலுவலகத்துக்கும் முதலிடத்தில் வந்து நின்றது. அதே கணக்கைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சிவகாசியில், அச்சுக்கு முந்தைய வேலைகளைச் செய்துதரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறேன். காலண்டர், டைரி, லேபிள், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கு டிசைன் செய்து, வாடிக்கையாளருக்குப் புரூஃப் அனுப்பி, ஒப்புதல் வந்ததும் பிளேட் எடுக்கக் கொடுப்பது எங்கள் தொழில். ஏழு கணினிகள் இருக்கின்றன; ஏழும் காலையிலிருந்து இரவு வரை இணையத்தில்தான் இருக்கும். வீடு திருத்தங்கலில். அங்கே என் மருமகள் சென்னையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். பேரன் கல்லூரியில் படிக்கிறான். மாலையானால் தொலைக்காட்சியும் இணையத்தில்தான் ஓடுகிறது. ஆகவே வீட்டு இணைப்பு, அலுவலக இணைப்பு இரண்டின் சுகதுக்கமும் எனக்கு அன்றாடம் தெரியும்.

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு வந்த முதல் நாளே எங்கள் டிசைனர், "நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் தருகிறார்கள், ஏமாற்றிவிட்டார்கள்" என்று திரையைக் காட்டினார். ஏமாற்று ஒன்றுமில்லை. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினியோ கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் முழுதாக வந்தாலும் திரையில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தெரியாது. தங்கள் அட்டவணையின் அடியில் இதை ஒரு வரியில் போட்டிருந்தால், புகார் எண்ணுக்குப் போகும் அழைப்புகளில் பாதி குறைந்திருக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலானோர் தேவைக்கு அதிகமான வேகத்தையே வாங்குகிறார்கள் என்பது என் கருத்து. ஹெச்டி தரத்தில் ஒரு படம் தடையின்றி ஓட 5 எம்பிபிஎஸ் அளவு போதும். 4கே தரத்துக்கு 15 முதல் 25 வரை தேவைப்படலாம். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் 50 எம்பிபிஎஸ் இணைப்பே தாராளம். 100 என்றால் மிச்சம்தான். பல திட்டங்களில் மாத வரம்பாகச் சொல்லப்படும் 3300 ஜிபியும் அப்படித்தான். நாளொன்றுக்கு 110 ஜிபி வருகிறது. இரண்டு தொலைக்காட்சிகளில் இருபத்துநான்கு மணி நேரமும் ஹெச்டி படம் ஓட விட்டால்தான் அதைத் தொட முடியும். வீட்டுக்காரர்கள் அந்தப் பத்தியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

அவர்கள் கவலைப்பட வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் சுவர்களைப் பற்றி. எங்கள் வீட்டில் இணைப்புக் கொடுக்க வந்தவர், கேபிள் நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கூடத்தில் தொலைக்காட்சி அலமாரிக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார். கூடத்தில் சோதித்தால் 90க்கு மேல் வந்தது. மருமகள் வேலை பார்க்கும் மாடி அறையில் 11. இரண்டு மாதம் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். பிறகு பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கி, ரவுட்டரை மாடிப்படியின் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டியதும் அதே மாடி அறையில் 60 வந்தது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர்களைத் தாண்டும்போது அது சீக்கிரம் நலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, போதாததற்கு அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசல் வேறு. என் உறவினர் ஒருவர் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிய பிறகும் ஓராண்டு காலம் 94ஐத் தாண்டாமல் இருந்தார். அவருடைய பழைய ரவுட்டரின் துளைகளே 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வாடகையை உயர்த்துவதற்கு முன், கணினியை ரவுட்டரோடு கேபிள் போட்டு நேரடியாக இணைத்து ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுப் புது ஆர்டர் எடுப்பது வழக்கம். அதற்கு முந்தைய சில நாட்கள் டிசைன் அலுவலகங்களில் எவரும் சரியாக உறங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆடிப் பதினேழாம் தேதி மாலை ஏழு மணிக்கு, மதுரை வாடிக்கையாளர் ஒருவருக்கு முழு ஆல்பத்தின் கோப்புகளை அனுப்ப உட்கார்ந்தோம். மொத்தம் 9 ஜிபி. வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளின்படி எங்களிடம் இருந்தது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. அந்தக் கணக்கில் பன்னிரண்டு நிமிட வேலை. ஆனால் அது வீட்டுத் திட்டம். பதிவிறக்கம்தான் 100, பதிவேற்றத்துக்கு 10 என்று விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் இருந்ததை நான் படித்திருக்கவில்லை. அந்த மாலை நேர நெரிசலில் அந்தப் பத்தும் ஐந்தாகிவிட்டது. திரையில் மீதமுள்ள நேரம் நான்கு மணி என்று காட்டியது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தோம். கால் பங்கு போயிருந்த நிலையில் இணைப்பு ஒருமுறை அறுந்து, முதலிலிருந்து தொடங்கியது. எட்டேகாலுக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றி, எங்கள் பையன் ஒருவரிடம் கொடுத்து மதுரைப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். பத்தரை மணிக்கெல்லாம் வாடிக்கையாளர் கையில் பென் டிரைவ் இருந்தது. அரசுப் பேருந்து எங்கள் இணைய இணைப்பை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முந்திவிட்டது.

சிடியில் பதிந்து, நடத்துநரிடம் சொல்லிப் பேருந்தில் பார்சலாக அனுப்பிய காலத்தில் தொழில் தொடங்கியவன் நான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் தொலைபேசியை டயல் செய்து, அதிகபட்சம் 56 கேபிபிஎஸ் (1000 கேபிபிஎஸ் சேர்ந்தது ஒரு எம்பிபிஎஸ்) வேகத்தில்தான் எங்கள் அலுவலகம் மின்னஞ்சல் பார்த்தது. 2005இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் வந்தபோது பெரும் விடுதலையாக இருந்தது. ஏடிஎஸ்எல் என்ற அந்தத் தொழில்நுட்பத்தின் பெயரிலேயே சமச்சீரற்றது என்ற சொல் உண்டு. வீட்டிலிருப்பவர் பெறுவது அதிகம், அனுப்புவது குறைவு என்ற கணிப்பில், கம்பியின் கொள்ளளவில் பெரும்பகுதியைப் பதிவிறக்கத்துக்கே ஒதுக்கினார்கள். அன்றைக்கு அது நியாயம். கண்ணாடி இழை வழியே ஒளியாகத் தகவல் அனுப்பும் ஃபைபர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சில திட்டங்களில் தொடர்கிறது. இரு திசையிலும் ஒரே வேகம் தரும் ஃபைபர் திட்டங்கள் பல இப்போது கிடைக்கின்றன. ஆயினும் பழைய கேபிள் வழி இணைப்புகளிலும், செல்பேசிக் கோபுரம் வழியாக வரும் இணைப்புகளிலும் பதிவேற்றம் என்பது பதிவிறக்கத்தில் ஒரு சிறு பங்காகவே இருக்கிறது. விளம்பரத்தில் இருவகைத் திட்டங்களுக்கும் அதே 100தான்.

அரசின் வரையறையே இதற்கு இடம் கொடுக்கிறது என்று சொல்ல வேண்டும். பிராட்பேண்ட் என்று அழைக்கப்பட ஓர் இணைப்புக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் 2004ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கேபிபிஎஸ் ஆக இருந்தது. பிறகு 512 ஆகி, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லதுதான். ஆனால் அந்த 2 எம்பிபிஎஸ் பதிவிறக்கத்துக்கு மட்டும். பதிவேற்றத்தைப் பற்றி வரையறை வாய் திறக்கவில்லை. அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட அச்சுக்காரர், வீடியோ படத்தொகுப்பாளர், எக்ஸ்ரே படங்களை மருத்துவருக்கு அனுப்பும் ஸ்கேன் நிலையம், நாளெல்லாம் காணொளிக் கூட்டத்தில் இருக்கும் என் மருமகள் போன்றோர் இந்த வரையறையின் கண்ணில் படுவதில்லை.

மாலை நேரத்தில் வேகம் ஏன் பாதியாகிறது என்பதையும் தங்கள் கட்டுரை விளக்கியிருக்கலாம். வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகள் பெரும்பாலும் ஜிபான் என்னும் முறையில் இயங்குகின்றன. நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றை இழை, வழியில் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டியில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு பதிவிறக்கத்துக்கு ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் (2500 எம்பிபிஎஸ்), பதிவேற்றத்துக்கு அதில் பாதி, அதாவது 1.25 ஜிபிபிஎஸ். 32 பேரும் ஒரே நேரத்தில் முழு வேகம் கேட்டால் தலைக்குப் பதிவிறக்கம் 78 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 39 எம்பிபிஎஸ். 64 பேர் என்றால் அதிலும் பாதி. எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 32 வீடுகளுக்கும் 100, 200, 300 என்று விற்கிறார்கள். அந்த நம்பிக்கை பகலில் பலிக்கிறது. இரவு எட்டு மணிக்குச் சறுக்குகிறது. இத்தகைய பகிர்வுக்கு ஓர் அளவு வேண்டும் என்பதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இலேயே உணர்ந்து, வீட்டு இணைப்புக்கு 1:50, வணிக இணைப்புக்கு அதைவிடக் குறைவான பகிர்வு என்று வழிகாட்டியது. வீட்டுத் திட்டத்தில் ஓர் இருக்கைக்கு ஐம்பது பேருக்குச் சீட்டுக் கிழிக்கலாம், வணிகத் திட்டத்தில் அதைவிடக் குறைவானவர்களுக்கே என்பது அதன் பொருள். வணிகத் திட்டத்தின் வாடகை ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். ஆனால் இந்த விகிதத்தை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

இருக்கை முழுவதும் நமக்கே வேண்டும் என்றால் லீஸ்டு லைன் வாங்க வேண்டும். 1:1 விகிதம், இரு திசையிலும் ஒரே வேகம், இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் மாறாத ஐபி முகவரி, இத்தனை மணி நேரத்தில் பழுது நீக்குவோம் என்ற எழுத்துபூர்வ உறுதி எல்லாம் அதில் உண்டு. வாடகை மட்டும் வீட்டுத் திட்டத்தைப் போலப் பல மடங்கு. ஐம்பது பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு அது சரி. எங்களைப் போன்ற ஏழு கணினி அலுவலகத்துக்குத் தேவையில்லை என்றே முடிவெடுத்தோம்.

உண்மையில் எங்களை அந்த யோசனை வரைக்கும் தள்ளியது வேகமல்ல, பழுது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்; எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியதே. புகார் எண் கொடுத்தார்கள். சனிக்கிழமை அழைத்தால் பதிவாகியிருக்கிறது என்றார்கள், ஞாயிறு விடுமுறை, திங்கள் அன்று ஆள் புறப்பட்டுவிட்டார் என்றார்கள், செவ்வாய் காலை வந்தார். வந்தவர் ஒளியின் திறனை அளக்கும் கையடக்கக் கருவியைச் செருகிப் பார்த்து, மைனஸ் 31 காட்டுவதாகவும், மைனஸ் 27ஐத் தாண்டி இறங்கினால் பெட்டி வேலை செய்யாது என்றும் விளக்கினார். பிறகு இழையை விரலால் தடவிக்கொண்டே போய் ஜன்னலருகில் நின்றார். வெள்ளிக்கிழமை மழைக்கு எங்கள் ஆட்களே ஜன்னலை இழுத்துச் சாத்தியதில், கீலுக்கு இடையே இழை மடங்கி நசுங்கியிருந்தது. புது இழை போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். தவறு எங்களுடையதுதான். ஆனால் பத்து நிமிட வேலைக்காக நான்கு நாட்கள் காத்திருந்ததில் இரண்டு லேபிள் ஆர்டர்கள் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டன. வீட்டில் நான்கு நாள் இணையம் இல்லையென்றால் தொடர் பார்ப்பது தள்ளிப்போகும், செல்பேசி டேட்டாவில் சமாளித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் நான்கு நாள் என்பது வேறு கணக்கு. அந்த வீட்டுத் திட்டத்தின் படிவத்தில் பழுதுநீக்கும் காலம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை அப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று, இரு திசையிலும் 100 எம்பிபிஎஸ் தரும் வணிக ஃபைபர். மற்றொன்று, 5ஜி கோபுரத்திலிருந்து காற்று வழியாக வரும் ஏர்ஃபைபர். இரண்டையும் ஒரே ரவுட்டரில் செருகியிருக்கிறோம். ஒன்று அறுந்தால் சில நொடிகளில் மற்றதற்குத் தானே மாறிக்கொள்ளும். மாற்று இணைப்பாக இன்னொரு நிறுவனத்தின் ஃபைபரை எடுக்கவே முதலில் நினைத்தோம். தெருவில் அண்ணாந்து பார்த்தபோது, இரண்டு நிறுவனங்களின் கேபிளும் அதே மின்கம்பங்களில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போவது தெரிந்தது. உயரமாகக் காகிதப் பேல் ஏற்றிவரும் ஒரே லாரி போதும், இரண்டையும் சேர்த்து அறுத்துப் போட. நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கி, 2023 முதல் அதன் வழியே வீட்டு இணைப்பும் தரப்படுவதால் இந்த வழி எங்களுக்குக் கிடைத்தது. கேபிள் வராத தெருக்களுக்கும், வாடகைக் கடையைக் காலிசெய்து காலிசெய்து மாறுபவர்களுக்கும் அதுவே முதல் இணைப்பாக இருக்கலாம். ஆனால் கோபுரத்தின் நெரிசலைப் பொறுத்து வேகம் ஏறி இறங்கும். பதிவேற்றம் ஃபைபருக்கு ஈடாக வருவதில்லை. மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ள எங்களுக்கு அது போதும்.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல். ஃபைபர் இழைக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் நம் பக்கம் இருக்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தேவை. இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில், இவ்விரண்டுக்கும் மட்டும் 12 வோல்ட் கொடுக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்றும் ஓரிரு மணி நேரம் வேலை ஓடும்.

வாடகைப் பத்தியிலும் ஒரு திருத்தம். தாங்கள் வெளியிட்ட தொகைகள் வரிக்கு முந்தையவை. அவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்; 1000 ரூபாய் என்று அச்சிட்டது கையிலிருந்து போகும்போது 1180 ரூபாய். வீட்டுக்காரருக்கு அது முழுச் செலவு. ஜிஎஸ்டி பதிவுள்ள அலுவலகம், தன் பதிவு எண்ணோடு பில் வாங்கினால் அந்த 180 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளரின் சொந்தப் பெயரில் வீட்டுத் திட்டம் எடுத்து அலுவலகத்தில் ஓட்டும்போது இந்தச் சலுகையும் போய்விடுகிறது. எங்கள் தெருவில் பாதி அச்சகங்கள் இன்றும் அப்படித்தான் ஓட்டுகின்றன. வாடகை குறைவு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எனவே, இந்த ஒப்பீட்டை மீண்டும் வெளியிடும் எண்ணம் இருந்தால், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தனித்தனி அட்டவணைகள் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அலுவலக அட்டவணையில் பதிவேற்ற வேகம், பகிர்வு விகிதம், எழுத்தில் தரப்படும் பழுதுநீக்கும் காலம், வரி சேர்ந்த வாடகை ஆகியவை இருக்கட்டும். வீட்டு அட்டவணையில் நிறுவனம் தரும் ரவுட்டர் எத்தகையது என்பது சேரட்டும். இவற்றைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் கட்டத்தில் "பதில் இல்லை" என்று அச்சிட்டுவிடலாம். அதுவும் வாசகருக்கு ஒரு தகவலே. விளம்பர எண்ணை அப்படியே எடுத்துப் போடாமல், தங்கள் செய்தியாளர்கள் இரண்டு மூன்று ஊர்களில் காலை பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கேபிளில் இணைத்து அளந்து வெளியிட்டால் இன்னும் சிறப்பு. நாங்கள் இரண்டு இணைப்புகளிலும் நாள்தோறும் அவ்விரு நேரங்களில் அளந்து, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வருகிறோம். வேண்டுமானால் அதைப் படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஒரு மாதம் முன்னதாக அந்த அட்டவணை வெளிவந்தால், எங்கள் தெருவில் பத்து அலுவலகங்களாவது அதைப் பார்த்து இணைப்பை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
அச்சு முன்தயாரிப்பு அலுவலக உரிமையாளர் ஒருவர்,
சிவகாசி